பண்ணாரியிலிருந்து புளியரை வரை: வேட்டை விலங்குகள் கடக்கும் இடங்கள்

திங்கள்: பண்ணாரி, திம்பம், ஆசனூர்

புலிகள் காப்பகம் என்றாலே உள்ளே போய்ப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். இந்தப் பயணம் காப்பகங்களுக்கு இடையே உள்ள நிலத்தைப் பற்றியது. புலி, சிறுத்தை, செந்நாய், கழுதைப்புலி ஆகியவை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும்போது எங்கே தடைபடுகின்றன, ஏன் தடைபடுகின்றன என்பதைப் பார்க்கக் கிளம்பியது. எல்லா ஊரிலும் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே. தாயைப் பிரிந்த, இரண்டு வயதைத் தொடும் ஆண்புலி ஒன்று இருட்டியதும் மறைவிடத்திலிருந்து எழுந்தால், விடிவதற்குள் அடுத்த மறைவிடத்துக்குப் போய்ச்சேருமா?

ஆண்புலி என்று சொல்லக் காரணம் உண்டு. பெண்புலி பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தன் எல்லையைப் பிடித்துக்கொள்ளும். தொலைவுக்குப் போவது ஆண். 2019-ல் மகாராஷ்டிரத்தின் திபேஷ்வர் சரணாலயத்திலிருந்து இருப்பிடம் காட்டும் ரேடியோ கழுத்துப்பட்டையுடன் கிளம்பி, வயல்களையும் சாலைகளையும் கடந்து 1,300 கி.மீ. நடந்து ஞானகங்கா சரணாலயத்தை அடைந்ததும் ஓர் இளம் ஆண்தான். ஆக, இரண்டு காடுகளை இணைக்கும் ஒரு வழித்தடம் ஆண்களுக்குத் திறந்திருந்தால் மரபணு நகரும். பெண்களுக்கும் திறந்திருந்தால்தான் காலியான காட்டில் மறுபடி குட்டிகள் பிறக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் திட்ட அறிக்கைகள் ஏராளம்.

பண்ணாரியிலிருந்து ஏறும் 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை நடுவில் வகுந்துகொண்டு போகிறது. திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஆசனூர், அதைத் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச் சாவடி, பிறகு கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் இது. இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு 2019-ல் அறிவிக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2022 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. முதுமலை, பந்திப்பூர் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை என்ற தடை 2009-லிருந்தே பழகிப்போன ஒன்று.

இரவுத் தடை ஏன் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சாலையில் 12 மணி நேர இரவில் 600 வண்டிகள் சீராக ஓடினால் சராசரியாக 72 நொடிக்கு ஒன்று. அதுவே 1,800 ஆனால் 24 நொடிக்கு ஒன்று. தார், இருபக்க மண்விளிம்பு, வெட்டிவிட்ட புதர்ப்பட்டை எல்லாம் சேர்த்து 25 மீட்டர் திறந்தவெளி. சாதாரண நடையில் அதைக் கடக்கப் புலிக்கு 15 நொடிக்கு மேல் ஆகும். அதற்கு முன் விளிம்பில் நின்று தயங்கும் நேரம் தனி. 72 நொடி இடைவெளியில் கடக்கலாம். 24 நொடியில் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். அடிபட்டுச் செத்த விலங்கை எண்ணிவிடலாம். திரும்பிப் போனதை எண்ண முடியாது. அதனால் வண்டி மிகுந்த சாலையில் அடிபடும் கணக்கு குறைவதைப் பார்த்து யாராவது 'சாலை இப்போது பாதுகாப்பாக இருக்கிறது' என்று சொன்னால் சந்தேகப்படவேண்டும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம். 80 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் பார்த்து உணர ஒரு நொடி, அதில் 22 மீட்டர் போய்விடும். காய்ந்த தாரில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 36 மீட்டர் அளவில். மொத்தம் 58. தாழ்விளக்கில் விலங்கு தெளிவாகத் தெரிவது சுமார் 40 மீட்டருக்குள். 40 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 20 மீட்டரில் முடிந்துவிடும். பலகையில் 30 என்று எழுதிவைப்பதால் எந்தப் பயனும் இல்லை. வேகத்தடைதான் வேலை செய்யும், அதுவும் விலங்கு கடக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கவேண்டும். கடக்கும் இடத்திலேயே போட்டால், தாண்டியவுடன் லாரி உறுமி வேகமெடுக்கும் சத்தம் சரியாக அந்த இடத்தில்தான் எழும்.

மலைப்பாதையில் வேறொரு சிக்கல். மேல்பக்கம் வெட்டிய பாறை அல்லது தாங்குசுவர், கீழ்ப்பக்கம் கைப்பிடிச் சுவர். இரண்டுக்கும் நடுவில் இறங்கிவிட்ட விலங்கு சாலையோடு நீளமாக நடக்கத்தான் வேண்டும். ஓடை இறங்கும் மடிப்புகளில் சுவரை விட்டுவிட்டு, மேல்பக்கம் கல் அடுக்கிச் சரிவு அமைத்தால் போதும். செலவு பெரிதல்ல, ஆனால் சுவர் கட்டும் ஒப்பந்த மதிப்பீட்டிலேயே அது இடம்பெறவேண்டும். சுவர் கட்டியபின் உடைக்க யாரும் அனுமதி தருவதில்லை.

ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை சாலைக்கு வருவதைப் பார்க்கக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. யானைக்கு அதனால் வரும் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். விளக்கு எரிய நிற்கும் அந்த வரிசை, அந்த நேரத்தில் அந்தப் பகுதியையே செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் மூடிவிடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

செவ்வாய்: மாயாற்றுப் பள்ளத்தாக்கு

பவானிசாகர், காராச்சிக்கொரை வழியாகத் தெங்குமரஹாடா. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. கடைசியில் மாயாற்றைப் பரிசலில் கடக்கவேண்டும். ஊர் நிர்வாகத்தில் நீலகிரி மாவட்டம், பாதை மட்டும் ஈரோடு மாவட்டத்தின் வழியே.

இந்த ஊரை இடம்மாற்றும் பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 495 குடும்பங்களுக்கு 74.25 கோடி. வேட்டை விலங்குகளுக்குக் காடுகளை இணைப்பது என்ற கோணத்தில் இந்த ஊரின் எடை என்ன? பள்ளத்தாக்கின் தரையில், ஆற்றை ஒட்டி, வயலும் மாட்டுப் பட்டியும். கோடையில் நீர் அங்கேதான், மானும் அங்கேதான். விலங்கு ஊரைச் சுற்றிப் போகலாம், ஆனால் சுற்றும் வழி வறண்ட சரிவு. மாற்றிடம் போக மக்கள் தாமாக ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாதவர்களை வெளியேற்றிக் கிடைக்கும் வழித்தடம் பகையால் சூழப்பட்டதாக இருக்கும். நஞ்சு வைக்கப்படுவது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

இங்கே தடயக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அகில இந்தியக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு காவல் சுற்றிலும் (ஒரு வனக்காவலரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி) ஐந்து ஐந்து கிலோமீட்டராக மூன்று பாதை, மொத்தம் 15 கி.மீ. நடந்து, கால்தடம், எச்சம், மரக்கீறல் எல்லாவற்றையும் பதிகிறார்கள். காப்பகத்துக்கு இது போதும். வழித்தடத்துக்குப் போதாது, காரணம் பாதையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. காவலருக்கு நடக்கத் தோதான பாதையே எப்போதும் தேர்வாகும். ஊரை ஒட்டிய பள்ளம், வேலிக்கும் காட்டுக்கும் இடையில் உள்ள மாட்டுத்தடம், மின்கம்பி போகும் வெட்டுப்பாதை ஆகியவை விட்டுப்போகும். கடந்துபோகும் விலங்கு அங்கேதான் நடக்கும்.

எச்சத்தை வைத்து எந்த விலங்கு என்று கண்ணால் சொல்வதில் கவனம் தேவை. சந்திப்புப் பாதைகளில் ஒரே இடத்தில் பல எச்சங்கள் குவிந்திருந்தால் செந்நாய்க் கூட்டம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புபோல் உலர்ந்திருந்தால் எலும்பு தின்னும் கழுதைப்புலி. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. சிக்கல் புலியும் சிறுத்தையும்தான். பெரிய ஆண்சிறுத்தையின் எச்சமும் இளம்புலியின் எச்சமும் அளவில் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். நமக்கு வேண்டியதோ அந்த இளம்புலி.

ஆகவே மரபணுச் சோதனை. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி முன்கூட்டியே இருக்கவேண்டும். அதிகாலையில், புதிய எச்சத்தை மட்டும். ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. உள்ளே இருக்கும் மயிரும் எலும்பும் இரையுடையது, வேட்டை விலங்கின் குடல்சுவர் செல்கள் வெளிப்பூச்சில்தான் ஒட்டியிருக்கும். எனவே மேற்புறத்தை மட்டும், வெயில் படாத பக்கத்தில், புது பிளேடால் மெல்லச் சுரண்டி, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடவேண்டும். சுரண்டியதைப்போல் நான்கு மடங்கு எத்தனால். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயும் ஒன்று போடவேண்டும். பேனா மை எத்தனால் பட்டால் கரைந்துபோகும். அப்படிப் பெயரிழந்த குப்பிகள் ஆய்வகத்துக்கு வருவது வாடிக்கை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழையில் வெளிப்பூச்சு கழுவிப்போகும். வெயிலில் கிடந்தால் மரபணு சிதைந்துவிடும். மீதியைச் சாணவண்டு சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடும்.

புதன்: மசினகுடி, சீகூர்

தெங்குமரஹாடாவும் மசினகுடியும் ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. விலங்குக்கு ஓரிரு இரவு நடை. நமக்கு மலை ஏறி, ஊட்டி வழியாகக் கூடலூர் இறங்கி, தெப்பக்காடு சுற்றி வரும் பயணம். வெளியூர் வண்டிகளைக் கல்லட்டி இறக்கத்தில் விடுவதில்லை.

சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010-ல் அறிவித்தது. 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, நில உரிமையாளர்களின் கோரிக்கைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. யானைக்காகப் போட்ட கோடு புலிக்கும் செந்நாய்க்கும் சேர்த்துப் பயன்படுகிறது. ஆனால் இரண்டின் தேவையும் ஒன்றல்ல. யானை ஊர்விளக்குக்கு அருகேயும் கடக்கும், வேலியைத் தள்ளிவிட்டும் கடக்கும். புலி விளக்கையும் நாய்க்குரைப்பையும் விட்டு விலகி, அடர்ந்த மறைவை ஒட்டியே போகும்.

அகலத்தைக் கணக்குப் போடும்போது இது முக்கியம். வரைபடத்தில் ஒரு வழித்தடம் 1 கி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரு ஓரத்திலும் விடுதி விளக்கு, ஒலிபெருக்கி, நாய், கூட்டம் எல்லாம் 300 மீட்டர் உள்ளே எட்டுகிறது என்றால், பயன்படும் அகலம் 400 மீட்டர். ஒரு புது விடுதி 50 மீட்டர் நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அதன் விளக்கு இன்னும் 300 மீட்டரைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும். ஆகவே கட்டட அனுமதியில் சதுர அடியைவிட விளக்கின் திசையும் நேரமும் பெரிய விஷயம். தரையை நோக்கிய மூடிபோட்ட விளக்கு, மஞ்சள் நிறம், இரவு 9-க்குப் பிறகு அணைப்பு, காட்டுப்பக்கம் விளக்கே கூடாது. நிலத்தை மீட்பதற்கு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். விளக்கை நாளைக்கே திருப்பலாம்.

இங்கே இன்னொரு தடை, மாயாறு நீர்மின் நிலையத்துக்கு நீர் கொண்டுபோகும் திறந்த கால்வாய். செங்குத்தான சிமெண்டுச் சுவர், வேகமான நீர். புலி நீந்தும், ஆனால் ஏற முடியாது. இப்படிப்பட்ட கால்வாய்களில் செய்யவேண்டியவை இரண்டு. ஓடை சேரும் இடங்களில் மண் நிரப்பிய அகலமான மூடுபாலங்கள் வேண்டும். மேலே கான்கிரீட்டு தெரியக்கூடாது, 30 செ.மீ. மண்ணாவது இருந்தால்தான் புல் நிற்கும். அடுத்து, நீரில் விழுந்தது ஏறிவர, நீரோட்டத் திசையில் மெல்ல உயரும் சொரசொரப்பான சரிவு. பாலத்தைக் கட்டிவிட்டு அதன்மேல் ஆடுமாட்டுக்கும் டிராக்டருக்கும் பாதை விட்டால் பகல் முழுக்க மனித வாடை. விலங்கு இரவிலும் தயங்கும்.

மாடு அடிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதில் இந்தப் பகுதியின் எதிர்காலமே இருக்கிறது. 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே நஞ்சு கலந்த மாட்டுச் சடலத்தைத் தின்ற புலி செத்தது. ஒரு சடலத்தில் வைத்த நஞ்சு புலியோடு நிற்காது. மாயாற்றங்கரை மரங்களில் கூடு வைக்கும் பிணந்தின்னிக் கழுகையும் கழுதைப்புலியையும் கொல்லும். சரியான வரிசை இது: அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல், சடலத்தை இழுத்துப் புதைக்காமல் அதே இடத்தில் படம் எடுத்தல், கால்நடை மருத்துவரின் சான்று, மாலைக்குள் சடலத்தருகே ஒரு தானியங்கிக் கேமரா, இரவில் காவல். சடலத்தை அகற்றினால் பசியோடு திரும்பும் விலங்கு அடுத்த மாட்டைப் பிடிக்கும். பணம் தாமதமானால் உரிமையாளர் அடுத்த முறை தகவலே சொல்லமாட்டார். இழப்பீட்டுத் தொகையின் அளவைவிட அது கைக்கு வரும் நாள்தான் நஞ்சைத் தடுக்கிறது.

வியாழன்: கூடலூர்

கணினி வரைபடம் தோற்கும் ஊர் எதுவென்று கேட்டால் கூடலூர் என்று சொல்லலாம். முதுமலைக்கும் நீலகிரியின் மேற்குச் சரிவுக்கும் நடுவே தேயிலை, காப்பி, ஏலக்காய், யூகலிப்டஸ், சோலைத் துண்டு, ஊர், உரிமை தீராத ஜென்ம (பழைய பரம்பரை உரிமை) நிலங்கள்.

வழித்தடத்தின் கணினி மாதிரியை எப்படிப் போடுகிறார்கள் என்றால், நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'கடப்பது எவ்வளவு கடினம்' என்று தடை மதிப்பு கொடுத்து, இரண்டு காப்பகங்களுக்கு இடையே 'செலவு' (மொத்தத் தடை) குறைந்த பாதையையோ, மின்னோட்டம் போல எல்லாப் பாதைகளிலும் பரவும் ஓட்டத்தையோ கணக்கிடுகிறார்கள். பிழை கணக்கில் இல்லை, உள்ளே போடும் தரவில் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தின் கட்டம் 30 மீட்டர். 7 மீட்டர் சாலை அதில் கால்பங்குகூட வராது, எனவே கட்டம் 'காடு' என்றே பதிவாகும். வேலி தெரியவே தெரியாது. தேயிலையும் நிழல்மரக் காப்பியும் 'தோட்டம்' என்ற ஒரே வகைக்குள் விழும். நிழல் காப்பியில் சிறுத்தை பகலிலும் படுத்துக்கிடக்கும். கவாத்து வெட்டிய தேயிலையில் முழங்கால் உயரத்துக்கு மேல் மறைவே இல்லை.

திருத்தும் முறை: சாலையை அகலத்தை வைத்துப் போடாமல் இரவு வண்டி எண்ணிக்கையை வைத்துத் தனி அடுக்காகப் போடவேண்டும். வேலியையும் அகழியையும் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து கையால் வரையவேண்டும். காப்பகத்துக்குள் எடுத்த கேமராப் படங்களை மட்டும் வைத்து 'புலிக்குக் காடுதான் பிடிக்கும்' என்று மாதிரிக்குக் கற்பிக்கக்கூடாது. வெளியே மாடு அடிபட்ட பதிவேட்டில் இருக்கும் இடங்களையும் சேர்க்கவேண்டும். கடைசியாக, தடை மதிப்புகளை உள்ளபடியே ஒருமுறை, பாதியாக்கி ஒருமுறை, இரட்டித்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். மூன்றிலும் குறுகல், அதாவது வழி மிக நெருங்கும் இடம், ஒரே இடத்தில் விழுந்தால் அதை நம்பலாம். இடம் மாறினால் நம்புவதற்கு முன் நடந்து பார்க்கவேண்டும்.

2021-ல் 21 நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15-ல் பிடிபட்ட டி-23 என்ற புலியை நினைவிருக்கும். தேவன் எஸ்டேட், மசினகுடி, போஸ்பாரா என்று அது அலைந்த இடங்களை வரைபடத்தில் குறித்தால், நிபுணர்கள் 'கடக்க முடியாது' என்று அதிகத் தடை மதிப்பு கொடுக்கும் நிலம் பாதிக்கு மேல் வரும். அது கிழட்டுப் புலி, விதிவிலக்கு என்று ஒதுக்கலாம். ஆனால் எல்லை இழந்த கிழட்டுப் புலியும் எல்லை கிடைக்காத இளம்புலியும் ஒரே நிலத்துக்குத்தான் தள்ளப்படுகின்றன.

தோட்டங்களில் பெரிய ஆபத்து சுருக்குக் கம்பி. காட்டுப்பன்றிக்கு வைப்பது, மாட்டுவது சிறுத்தை. கிளட்ச் கம்பியோ பிரேக் கம்பியோ போதும். தேடும் முறை: ஐந்தாறு பேர் 5 மீட்டர் இடைவெளியில் வரிசையாக, வேலியின் காட்டுப்பக்கமாக நடக்கவேண்டும். கண் முழங்கால் உயரத்தில் ஓடவேண்டும். வேலியில் பன்றி நுழையும் ஓட்டை ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்க்கவேண்டும். கம்பியை மட்டும் எடுத்துவிட்டு அது கட்டிய முளைக்குச்சியை விட்டுவந்தால் மறுநாளே புதுக் கம்பி. சூரிய மின்வேலியில் நொடிக்கு ஒருமுறை சில ஆயிரம் வோல்ட் ஒரு கணத்துடிப்பாகப் போகும். உதைக்கும், கொல்லாது. பேட்டரி செத்ததும் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் கொல்கிறது. ஆகவே மின்வேலி மானியத்தோடு பேட்டரி மாற்றும் மானியமும் இருக்கவேண்டும்.

வெள்ளி: வாளையாறு

பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கி.மீ. அகலம். வயல், தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, ரயில். வடக்கு, தெற்கு யானைகளுக்கு இடையே மரபணு வேறுபாடு இருப்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. மதுக்கரைப் பக்கம் ரயில்பாதையில் யானைக்காக 2024-ல் 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை, ஆனால் அது கணவாயின் ஓரத்தில், மலையடிவாரத்தில் நடக்கும் நடமாட்டத்துக்கானது.

கணவாயின் குறுக்கே புலி வழித்தடம் என்று வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் உண்டு. போடவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஓர் இரவில் கடக்கும் தூரத்துக்குள் பகல் மறைவிடம் இல்லை. உருவாக்க நிலமும் இல்லை. இதற்குச் செலவாகும் பணத்தைத் தெற்கே உள்ள செங்கோட்டைக் கணவாய்க்குக் கொண்டுபோகலாம்.

சனி: வால்பாறை

ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 220 சதுர கி.மீ. பீடபூமி, நடுவில் தேயிலையும் மழைக்காட்டுத் துண்டுகளும், சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் காடுகள். விலங்கு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க இந்தப் பீடபூமியைத் தாண்டவேண்டும்.

இங்கே நல்ல செய்தி ஓடைகள். ஓடையோரம் இருபுறமும் உள்நாட்டு மரமும் நாணலும் விட்டிருக்கும் தோட்டங்களில் அந்தப் பச்சைப்பட்டையே வழித்தடம். தோட்ட நிர்வாகத்துக்கும் இதில் பெரிய இழப்பில்லை, ஈரநிலத்தில் தேயிலை சரியாக வராது. செய்யவேண்டியது பட்டை எங்கே அறுந்திருக்கிறது என்று ஓடையோடு நடந்து குறித்து, அந்த இடங்களில் மட்டும் நடுவது. மூன்று ஆண்டு களை எடுக்கவேண்டும். நட்டுவிட்டு விட்ட இடங்களில் உண்ணிச்செடிதான் நிற்கிறது.

கெட்ட செய்தி, ஓடை ஓரத்துக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் நடுவே பல இடங்களில் இடைவெளியே இல்லை. சிறுத்தை கடப்பதும் குழந்தை விளையாடுவதும் ஒரே புதரின் இரு பக்கம். இங்கே 'வழித்தடத்தை அகலப்படுத்து' என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டிவிட்டு, கழிவறையை வீட்டோடு ஒட்டிக் கட்டி, இறைச்சிக் கழிவையும் தெருநாயையும் கட்டுப்படுத்தி, அதற்கு ஈடாக ஓடையின் மறுகரையில் மறைவைக் கூட்டவேண்டும். நாய் குறைந்தால் சிறுத்தை வாசலுக்கு வரும் காரணமும் குறையும். நாயிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றும் டிஸ்டெம்பர், வெறிநோய் அபாயமும் குறையும். பிடித்த சிறுத்தையை வேறு காட்டில் விடுவது பயனில்லை. காலியான எல்லைக்கு அடுத்தது வரும், விடப்பட்டது அறியாத ஊரில் அலையும்.

ஞாயிறு, திங்கள்: செங்கோட்டைக் கணவாய்

கடைசி இரண்டு நாளும் இங்கேதான். வடக்கே பெரியாறு, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, அதை ஒட்டிய நெல்லைச் சரணாலயம். தெற்கே செந்துருணி, களக்காடு–முண்டந்துறை, அகத்தியமலை. தெற்கில் புலிகள் குறைவு. தலைமுறைக்கு ஓரிரண்டாவது வடக்கிலிருந்து வந்து இனப்பெருக்கம் செய்தால்தான் அந்தக் கூட்டம் மரபணு அளவில் தேய்ந்துபோகாது. வந்துவிட்டு இனம் பெருக்காமல் செத்தால் கணக்கில் வராது.

பாலக்காட்டைப் போல அல்ல இது. புளியரையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வரை 744-ஆம் எண் நெடுஞ்சாலை, ரயில்பாதை, ஆறு மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் ஒட்டி ஓடுகின்றன. இருபுறமும் காடு கண்ணுக்கெட்டும் தூரத்தில். ஆகவே சிக்கல் அகலத்தில் இல்லை, மூன்று தடை அடுத்தடுத்து வருவதில்தான். ரயில் மலையேற்றப் பகுதியில் மெதுவாகப் போகிறது, எண்ணிக்கையும் குறைவு. அதன் சுரங்கங்களின் மேலே நிலம் அறுபடவே இல்லை. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின் கீழே ரயில் ஒரு தடையே அல்ல. சாலையில் எத்தனை நல்ல கீழ்ப்பாலம் கட்டினாலும், அது ரயிலின் செங்குத்து வெட்டைப் பார்த்துத் திறந்தால் வீண். சுரங்கத்துக்கும் கண்பாலத்துக்கும் நேராகச் சாலையின் கடவு (விலங்கு கடக்கும் அமைப்பு) அமையவேண்டும். இதை முதலிலேயே ஒரே வரைபடத்தில் போடாததால்தான் இரு துறையும் தனித்தனியே செலவழித்துத் தனித்தனியே தோற்கும்.

கீழ்ப்பாலத்தின் அளவை எளிதாகச் சோதிக்கலாம். அகலத்தை உயரத்தால் பெருக்கி, விலங்கு உள்ளே நடக்கவேண்டிய நீளத்தால் வகுக்கவேண்டும். எண் கூடக்கூடப் பெரிய விலங்குக்கும் ஏற்ற திறப்பு. 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 12 மீட்டர் நீளமுள்ள மழைநீர்ச் சிறுபாலம் 0.33 தரும். மரநாயும் முள்ளம்பன்றியும் போகும். 50 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம், 30 மீட்டர் நீளம் என்றால் 8-க்கு மேல். மத்திய இந்தியாவில் பென்ச் காட்டை வெட்டும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், மகாராஷ்டிரப் பகுதியில் 50 முதல் 750 மீட்டர் வரை அகலமுள்ள 9 கடவுகள் கட்டப்பட்டன. இந்திய வன உயிரின நிறுவனம் கேமரா வைத்துப் பார்த்தபோது 18 வகை விலங்குகள் பதிவாயின, புலிகளும் பலமுறை கடந்தன. அங்கும் தரை இயற்கை மண்ணாக விடப்பட்ட இடமே பயன்பட்டது. ஒப்பந்ததாரர் மிஞ்சிய ஜல்லியையும் கான்கிரீட்டுத் துண்டையும் பாலத்தடியில் கொட்டிவிட்டுப் போவது எங்கும் உள்ள நோய். வேலை முடிப்புச் சான்றில் அதற்கென்று ஒரு வரி வேண்டும்.

இங்கே இரவு எவ்வளவு நீளம் என்பதையும் பார்க்கவேண்டும். கேரளப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே, தலைவிளக்கோடு பால் வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள். மாலையில் ஊர் அடங்க 9 ஆகும். ஆக இருட்டு 11 மணி நேரம் என்றாலும் ஆள் நடமாட்டமில்லாத நேரம் ஆறு மணிக்கு மேல் இல்லை. அந்த நேரத்தில்தான் காய்கறி, ஜல்லி லாரிகளும் ஓடுகின்றன. கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலைப் போக்குவரத்து வேறு. ஓர் ஆண்டின் சராசரி வண்டி எண்ணிக்கை இதையெல்லாம் மறைத்துவிடும். மணிவாரியாக, மாதவாரியாக எண்ணவேண்டும்.

திட்டம் எழுதும்போது, குறுகல் இரண்டோ மூன்றோ என்று உறுதியானதும், வருவாய்த்துறைப் பதிவுக்குப் போகவேண்டும். தமிழகப் பக்கம் புலப்படம் (நில அளவை வரைபடம்), அ-பதிவேடு (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு) எடுத்து, குறுகலுக்குள் வரும் புல எண்களை ஒவ்வொன்றாக எழுதவேண்டும். யார் பெயரில், என்ன பயிர், எந்த வேலி, எந்தக் கிணறு. பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிக் கருவி. ஒன்றை விலைக்கு வாங்கலாம். ஒன்றில் வேலியை 50 மீட்டர் பின்னுக்கு நகர்த்தி வாடகை கொடுக்கலாம். ஒன்றில் இரவு மோட்டார் விளக்கை மாற்றினால் போதும். எல்லாவற்றுக்கும் 'நிலம் கையகப்படுத்தல்' என்று எழுதினால் எதுவும் நடக்காது. கேரளப் பக்கம் பதிவுமுறை வேறு. இரு மாநில வரைபடமும் எல்லையில் பத்து இருபது மீட்டர் விலகி நிற்கும், களத்தில் எல்லைக்கல்லைப் பார்த்துத்தான் பொருத்தவேண்டும்.

சட்டப்பிடிப்பும் வேண்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஓ பிரிவு, காப்பகங்களை இணைக்கும் பகுதிகளைப் பொதுநலன் இன்றி, தேசிய வன உயிரின வாரிய ஒப்புதலும் புலிகள் ஆணைய ஆலோசனையும் இன்றி வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் 'இணைக்கும் பகுதி' எது என்று காட்டவேண்டுமே. 38வி பிரிவின்படி தயாராகும் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் புல எண்ணோடு இடம்பெற்றால் வாதம் நிற்கும். 2014-ல் ஆணையமும் இந்திய வன உயிரின நிறுவனமும் நாடு முழுக்க 32 முக்கிய வழித்தடங்களைக் குறித்தன. அவை மிகச் செலவு குறைந்த பாதைகள், அதாவது குறைந்தபட்சம். அதையே உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு 'கோட்டுக்கு வெளியே இருக்கிறது' என்று திட்டங்களுக்கு வழிவிடுவது நடக்கிறது.

கண்காணிப்பு, சாலை விரிவாக்கத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். முன்னிருந்த நிலை தெரியாவிட்டால் பின்னால் ஒப்பிட ஒன்றுமில்லை. குறைந்தது இரண்டு கோடையும் ஒரு மழைக்காலமும். கடவு ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு கேமரா, தரையிலிருந்து 40–45 செ.மீ. உயரத்தில், பாதையின் நடுவிலிருந்து 3–4 மீட்டர் தள்ளி. நேர்க்கு நேர் வைத்தால் ஒன்றின் வெளிச்சம் மற்றதன் படத்தை வெளுப்பாக்கும், சற்று விலக்கிக் கட்டவேண்டும். கிழக்கு மேற்காகப் பார்த்தால் வெயில் ஏறும்போது வெற்றுப் படங்களாக நினைவட்டை நிறையும். புல்லைக் கேமரா முன் வெட்டாவிட்டாலும் அதே கதி. யானை பிடுங்கும் இடமென்றால் இரும்புக் கூட்டில், மரத்துக்குப் பதில் நட்ட கல்தூணில். தேதியும் நேரமும் சரியா என்று ஒவ்வொரு பேட்டரி மாற்றத்திலும் பார்க்கவேண்டும். காடுகளின் இணைப்பை அளப்பதில் நேரமே தரவு.

படங்களின் மொத்த எண்ணிக்கையை அறிக்கையில் முன்னே போடுவார்கள். அது பயனில்லாத எண், பாலத்தடியில் குடியிருக்கும் ஒரே சிறுத்தை ஆயிரம் படம் தரும். கேட்கவேண்டியவை: வடக்கில் படமான புலியின் உடல்வரிகள் (ஒவ்வொரு புலிக்கும் தனி) தெற்கில் படமாயினவா, கடந்தவற்றில் பெண் உண்டா, கடந்த ஆணின் குட்டிகள் தெற்கு எச்சங்களில் மரபணுவாகத் தெரிகின்றனவா. முதல் கேள்விக்கு இரண்டு மூன்று ஆண்டில் விடை கிடைக்கும். மூன்றாவதற்குப் பத்து ஆண்டு. திட்டத்தின் நிதி ஒதுக்கீடு பெரும்பாலும் ஐந்து ஆண்டில் முடிகிறது. எனவே எச்சக் குப்பிகளை உறைநிலையில் வைத்திருக்கும் செலவை மட்டுமாவது காப்பக அறக்கட்டளையின் கணக்கில் தனித் தலைப்பாக இப்போதே எழுதிவைக்கவேண்டும்.